நீலத்துக்குள் நின்ற வீடுகள்

ஏகாம்பரம் மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய பள்ளியின் வாட்ஸப் குழுவில் யாரோ அவருடைய படத்தைப் போட்டு, தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே கும்பிடும் கைகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, எரிச்சல். என்றாவது ஒருநாள் அவராகவே தேடி வந்து பேசுவார் என்று இத்தனை வருஷம் காத்திருந்தவன் நான். இப்படி ஒரேயடியாகத் தப்பித்துப் போவார் என்று நினைக்கவில்லை.

மறுவாரம் அந்தப் பள்ளியில் இப்போது வேலை செய்யும் இளம் ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார். "சார், மாஸ்டருக்கு ஒரு நினைவு மலர் போடறோம். நீங்கதான் அவருக்கு ரொம்ப க்ளோஸ்னு அல்லாரும் சொல்றாங்க. நல்லதா ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்."

"நல்லதா இல்லாட்டி?" என்றேன்.

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். மலரில் இதைப் போடுவார்களோ மாட்டார்களோ தெரியாது. அவரை அறிந்தவர்கள் படித்தால் போதும். அறிந்தவர்களில் பலர் அன்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்றவர்கள்தான்.

உத்திரமேரூரிலிருந்து உள்ளே போகும் ஊர்களில் ஒன்று எங்கள் ஊர். நான் பிறந்த ஊரிலேயே தமிழாசிரியராக இருந்தேன். மாஸ்டர் ஓவிய ஆசிரியர், காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிக் குடும்பம். தினமும் பேருந்தில் வருவார். ஓவிய வகுப்பு என்றால் கணக்கு ஆசிரியர் பாடம் முடிக்காமல் வைத்திருப்பதை முடித்துக்கொள்ளும் நேரம் என்பதுதான் எங்கள் பள்ளியின் வழக்கம். இவர் வந்த முதல் வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டார். தாள் இல்லை, பென்சில் இல்லை. திரும்பி வந்தபோது தலைமை ஆசிரியர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா மாஸ்டர், கையில ஒண்ணும் இல்லாம இன்னா டிராயிங் இது?"

"இந்த வாரம் கண்ணுக்கு டிராயிங் சார். கைக்கு அடுத்த வாரம்."

அந்தப் பதிலுக்காகத்தான் நான் அவரோடு சேர்ந்தேன். எங்கள் வெள்ளிக்கிழமை வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. அவர் படத்துக்கு, நான் சொல்லுக்கு. கரையில் பார்த்த செடியையோ பூச்சியையோ அவரவர் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரோடு வந்து சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் ஒரு பெயர் சொல்வார்கள். கலங்கல் பக்கத்து இருளர் வீட்டுப் பிள்ளைகள் இன்னொன்று சொல்வார்கள். கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடம். அதையொட்டித்தான் அவர்களுடைய குடிசைகள். எல்லாப் பெயரையும் நான் கரும்பலகையில் ஒரே அளவில் எழுதுவேன். ஒருமுறை கரையோரத்துச் சின்னப் பறவை ஒன்றுக்கு வீட்டுக்கொரு பெயராக வந்தது.

"சார், இதுல எது கரெக்ட்டு?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அத்த போயி அந்தப் பறவையாண்ட கேளு" என்றார் மாஸ்டர்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. அதுவரை கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போன இருளர் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்கள் பள்ளிக்கு ஒழுங்காக வரத் தொடங்கியது அந்த வெள்ளிக்கிழமைகளால்தான். இதை நான் மறுக்கவில்லை. யாராவது மலரில் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

சத்யா என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஞ்சலையின் மகள்; கலங்கலுக்குப் பக்கத்துக் குடிசை. நெல்வயலை வரையச் சொன்னபோது எல்லாரும் பச்சைக் கோடுகளாக இழுத்துத் தள்ளினார்கள். இவள் தாளின் மேல்விளிம்பில் ஒரே ஒரு மெல்லிய பச்சைக் கோடு போட்டுவிட்டு, கீழே இருந்த இடம் பூராவும் பழுப்பில் வளைந்து வளைந்து ஓடும் பாதைகளாக நிரப்பியிருந்தாள். எலி வளைகள். அவள் அப்பா அறுவடைக்குப் பிறகு வரப்பை வெட்டி எலி பிடிப்பவர். அவளுக்கு வயல் என்றால் தரைக்குக் கீழே இருப்பது. பிள்ளைகள் "எலி வூடு, எலி வூடு" என்று கத்தினார்கள். அந்தப் பக்கமாகப் போன ஓர் ஆசிரியர் எட்டிப் பார்த்து, "இன்னா கிறுக்கல் இது?" என்றார்.

மாஸ்டர் கோபப்பட்டதை நான் அப்போதுதான் பார்த்தேன். குரல் உயரவில்லை. "சார், அந்த வார்த்தைய மட்டும் என் க்ளாஸ்ல சொல்லாதீங்க. பசங்க படத்துல தப்பு ரைட்டு கெடையாது. பாத்தது, பாக்காதது, ரெண்டே ரெண்டுதான். இது பாத்தது." பிறகு அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, எல்லாரையும் அவரவர் வீட்டைக் கீழேயிருந்து பார்த்து வரையச் சொன்னார். அன்று வந்த படங்களைப் போல அப்புறம் நான் எங்கும் பார்த்ததில்லை. ஒருத்தி தன் வீட்டுக்குக் கீழே புதைந்து கிடக்கும் உடைந்த அம்மிக்கல்லை வரைந்திருந்தாள்.

அடுத்த வருஷம் சாலையைப் பார்த்த வெளிச்சுவரில் ஏரியை வரைவது என்று முடிவு செய்தோம். யோசனை இருவருடையது. மாஸ்டர் ஒரு கட்டளை வைத்தார்: "ஏரிய நீ பாத்ததுலியே எப்ப ரொம்பப் பெருசா இருந்துச்சோ, அப்ப எப்படி இருந்துச்சோ அப்படி வரை. அவங்கவங்க பக்கத்த அவங்கவங்க." பிள்ளைகளோடு நாங்களும் கரையைச் சுற்றி நடந்தோம். ஏரியின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். மேற்குப் பக்கத்தில் அது வயல்களைத் தாண்டி, வெகு தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. அதாவது அந்த வயல்கள் ஏரிக்குள் இருந்தன. அவற்றில் ஒன்று என் பெரியப்பா மகன் துரை அண்ணனுடையது.

படம் முடிந்தபோது, முன்பு ஒரு பெரிய மழையில் தண்ணீர் வந்து நின்ற வாசற்படி வரைக்கும் இருளர் பிள்ளைகள் நீலம் அடித்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது அது. அந்த மழை வாரம் முழுக்க அவர்கள் பள்ளிக்கூடத்தில்தான் படுத்திருந்தார்கள். குடிசைகள் நீலத்துக்குள் நின்றன. மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் வயல்களுக்குப் பச்சை அடித்திருந்தார்கள். அதே மழையில் அந்த வயல்களும்தான் முழுகிக் கிடந்தன.

"மாஸ்டர், இது பாத்தது இல்லியே" என்றேன்.

"வுடு வாத்யாரே. அவங்கப்பன் வயலு அவங்க கண்ணுக்கு எப்பவும் பச்சையாத்தான் தெரியும்" என்றார். நானும் சிரித்தேன்.

அந்த நீலமும் இந்தப் பச்சையும் என்ன செய்யும் என்று எங்கள் இருவருக்கும் அன்று தெரியவில்லை.

தேர்தலுக்கு எங்கள் பள்ளிதான் வாக்குச்சாவடி. பணிக்கு வந்து தங்கிய அதிகாரி ஒருவர் சாயங்காலம் சுவரைப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று படம் பிடித்துக்கொண்டு போனாராம். பல மாதம் கழித்து ஏரி ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அந்தப் புகைப்படத்தை ஆதாரமாக வைத்துக் கலங்கல் பக்கத்துக் குடிசைகளுக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்தார்கள். பச்சை அடித்த பக்கத்துக்கு ஒன்றும் வரவில்லை. அஞ்சலை நோட்டீசை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"இன்னா சார் இது? உங்க ஸ்கூல் செவுத்துலியே தண்ணிக்குள்ள தான வூடு கீதுன்றாங்க. எம்பொண்ணு வரைஞ்சதாமே. மய வந்தா தண்ணி வரும், வடிஞ்சா போவும். அதுக்கோசரம் வூட்ட எடுத்துக்கினு எங்க போறது?"

சத்யா தாயின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

அதிகாரிகள் நேரில் வந்து விசாரிப்பதாக ஏற்பாடாயிற்று. அதற்கு முதல்நாள் நானும் மாஸ்டரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். நான் சொன்னேன்: நாம் இருவரும் நடந்து பார்த்திருக்கிறோம், எல்லைக்கல்லைப் பார்த்திருக்கிறோம். குடிசையும் ஏரிதான், வயலும் ஏரிதான். எடுத்தால் இரண்டையும் எடுக்கட்டும், விட்டால் இரண்டையும் விடட்டும். படம் உண்மை, பச்சை மட்டும்தான் பொய் என்று இருவரும் சொல்வோம்.

அவர் டீயைக் குடித்து முடித்துக் கிளாசை வைத்தார். பிறகு, "சரி வாத்யாரே. நீ மொதல்ல பேசு. நான் பின்னால வரேன்" என்றார்.

அந்த 'சரி'யை நம்பித்தான் நான் எழுந்து நின்றேன்.

சுவருக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பமரம், எல்லைக்கல், யாருடைய வயல் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது வரைக்கும். துரை அண்ணனின் பெயரையும் சொன்னேன். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, ஆனால் அவர் குரல் கேட்டது.

"டேய், சம்பளம் கவர்மெண்ட்ல வாங்கற. வளந்தது இந்த நெலத்துச் சோத்துல தான? பங்காளின்னு பாக்கறேன், இல்லாங்காட்டி வேற மாரி பேசுவேன்."

அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. குடிசைகளைப் பார்க்க வந்தவருக்கு இப்போது ஊர்ப் பெரிய மனிதர்களின் வயல்களையும் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான டிராயிங் மாஸ்டர்? இந்தப் படம் சரியா?"

மாஸ்டர் முன்னே வந்தார். வெள்ளைச் சட்டை, எப்போதும் போல மேல் பாக்கெட்டில் ஒரு பிரஷ்.

"சார், இது பசங்க கிறுக்கனது சார்" என்றார். "நீல டப்பா நெறைய இருந்துச்சி, அங்க நீலம் அடிச்சிதுங்க. இந்தாண்ட வந்தப்ப தீந்து போச்சி, பச்சைய அடிச்சிதுங்க. இத்த போயி ஏரிக் கணக்குக்குப் பாக்கறீங்களே?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சுமை இறங்கிய சிரிப்பு.

"அப்ப இந்த சார் சொல்றது?"

"அவரு தமிழ் வாத்யாரு சார். கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாரு."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாறு பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். சத்யா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரு தரப்பும் அடங்கிவிட்டன. நோட்டீசைக் கிடப்பில் போட்டார்கள். குடிசைகள் நின்றன, வயல்களும் நின்றன. அந்த வாரக் கடைசியில் மாஸ்டர் தம் கையாலேயே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். கோடை விடுமுறை முடிவதற்குள் எனக்கு வாலாஜாபாத் பக்கம் மாறுதல் வந்தது. துரை அண்ணன் வீட்டு விசேஷங்களுக்கு இன்றுவரை எனக்கு அழைப்பில்லை. பொதுச் சொத்தைப் பற்றிப் பொய் சொல்லி ஊரைப் பிரிக்கப் பார்த்தவன் என்று எனக்குப் பெயர். மாஸ்டருக்கு ஊரைக் காப்பாற்றியவர் என்று பெயர்.

அவரிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். மாறுதல் வந்த பிறகு உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில்.

"வூடு நின்னுச்சா, இல்லியா?" என்றார்.

"நின்னுது. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா நீ அப்படிப் பேசியிருப்பியா வாத்யாரே? நீ வயலயும் எடுன்னு நெசமா பேசனதாலதான் அவனுங்களுக்குப் பயம் வந்துச்சி. படமே பொய்னு நான் சொன்னதும் அல்லாரும் தலையாட்டனானுங்க. நீ பயம் காட்டலன்னா நான் சொன்னது எடுபட்டிருக்காது."

அவர் அதை ஒரு பாராட்டாகவே சொன்னார். அவருடைய பேருந்து வந்தது, ஏறிக்கொண்டார். படிக்கட்டில் நின்று, "டீ சாப்பிட வீட்டுக்கு வா" என்றார். நான் போகவில்லை.

அப்போது எனக்குப் புரிந்தது, இப்போதும் அதையேதான் நினைக்கிறேன். அவர் உண்மையைக் கைவிட்டார் என்பதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்வேன். குடிசைகள் பெரிதுதான். ஆனால் என்னுடைய உண்மையை ஒரு பூச்சாண்டியாகப் பயன்படுத்திக்கொண்டு, வேலை முடிந்ததும் அதை ஊர் பார்த்துச் சிரிக்கும்படி விட்டார். நண்பன் என்று நினைத்தவர் செய்தார். எதிரியாக இருந்தால் இவ்வளவு வருஷம் இது உள்ளே கிடந்து அறுக்காது. அவருடைய கணக்கில் நான் மனிதனாக இல்லை, கையில் கிடைத்த ஒரு சாமானாக இருந்தேன்.

நான் அவர் சாவுக்குப் போனேன். போகக் கூடாது என்று இருந்தவன்தான். காஞ்சிபுரத்தில் அவர் தெருவுக்குள் நுழைந்து, சாமியானாவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். பழைய மாணவர்கள் நிறைய வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்லி அழுதார்கள். கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், என்னியத் தெர்தா? சத்யா. அஞ்சல பொண்ணு."

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை என்றாள். ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து நேரே இறங்கி வந்திருக்கிறாள். அம்மா எப்படி என்றேன். முட்டிவலி, மற்றபடி நன்றாக இருக்கிறாள் என்றாள். வீடு இன்னும் அங்கேதானா என்றேன்.

"அங்கதான் சார். மாஸ்டர் சொன்னதாலதான கீது." சாமியானாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "அவரு மொதல்நாளே எங்கூட்டுக்கு வந்தாரு சார். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"'அது பசங்க கிறுக்கனதுன்னு சொல்லப் போறேம்மா, வூட்டுக்கு ஒண்ணியும் ஆவாது'ன்னு எங்கம்மாவாண்ட சொன்னாரு. எங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சி. நான் அங்கியேதான் குந்திக்கினு இருந்தேன். எங்கம்மாவக் கேட்டாரு. என்னியக் கேக்கல."

முதல்நாள். டீக்கடையில் எனக்கு 'சரி' சொன்ன அதே நாள். அஞ்சலையிடம் சொல்லியிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு, பிணம் உள்ளே கிடக்கும்போது, புதிதாக ஒன்று வந்து குத்தியது.

"கேட்டிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப?"

"சொல்லுங்க சார்னுதான் சொல்லியிருப்பேன். வூடு வோணும் இல்ல?" என்றாள். "ஆனா கேட்டுருக்கலாம் இல்ல சார். என் படம் தான அது."

அதற்குப் பிறகு அவள் வரைந்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் உள்ளே போய் அவர் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். அழுதிருந்தாள். நான் உள்ளே போகவில்லை. அன்று மாஸ்டரின் மேல் மனக்குறையோடு வந்து நின்றவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் குறையையும் வைத்துக்கொண்டு அழவும் முடிந்தவள். எனக்கு அது வரவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று எழுதி முடிக்க வேண்டும் அல்லவா. கோபத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன், அதை யாருக்கும் தருவதாக இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. இப்போதைய பள்ளியில் நானும் பிள்ளைகளைப் பாலாற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறேன். போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆற்றை வரைந்து கொண்டுவந்தாள். ஆற்றின் நடுவே ஒரு பெரிய பள்ளம், பள்ளத்துக்குள் திருட்டு மணல் ஏற்றும் ஒரு லாரி, லாரியின் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கொக்கு. பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவ்வளவு நல்ல படம்.

"இத்த வராண்டா செவுத்துல ஒட்டட்டுமாம்மா?" என்றேன்.

அவள் யோசித்தாள். "வேணாம் சார். எங்க நைனா அந்த வண்டிலதான் போவுது."

"சரி" என்று சொல்லி, படத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வராண்டாச் சுவரில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.